வடசென்னையின் காற்று மாசும் குடிமக்களின் உடல்நலமும்: அளவீடுகள் காட்டுவனவும் மறைப்பனவும்

ஆய்வுச்சுருக்கம்

எண்ணூர், மணலி, திருவொற்றியூர் ஆகிய பகுதிகளை உள்ளடக்கிய வடசென்னை, அரை நூற்றாண்டுக்கும் மேலாக அனல்மின் நிலையங்கள், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலைகள், துறைமுகங்கள் ஆகியவற்றின் நடுவே வாழும் நிலப்பகுதியாகும். இங்கு வாழ்வோர் சுவாசிக்கும் காற்று அவர்தம் உடல்நலத்தை எவ்வாறு பாதிக்கிறது என்பதைத் தமிழகத்திலேயே நிகழ்ந்த நோய்ப்பரவலியல் ஆய்வுகளின் துணைகொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. நாட்சராசரி, ஆண்டுச் சராசரி, நகரச் சராசரி என்னும் மூவகைச் சராசரிகளும் இப்பகுதி மக்களின் உண்மையான பாதிப்பை மறைக்கின்றன என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: வடசென்னை, எண்ணூர், மணலி, நுண்துகள், கந்தக டைஆக்சைடு, அம்மோனியா, நோய்ப்பரவலியல்.

முன்னுரை

காற்று மாசு குறித்துத் தமிழில் எழுதப்படுவனவற்றுள் பெரும்பகுதி டெல்லியைப் பற்றியதாகவே அமைகிறது. குளிர்காலத்தில் அந்நகரைச் சூழும் புகைமூட்டம் கண்ணுக்குத் தெரிவது, செய்தியாவதும் எளிது. கடற்கரை நகரமான சென்னையோ, கடற்காற்றால் தூய்மை பெறும் நகரம் என்றே பலராலும் கருதப்படுகிறது. நகரம் முழுவதையும் ஒன்றாகக் கொண்டு நோக்கின் இக்கருத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் அடையாற்றில் வாழ்பவரும் எண்ணூரில் வாழ்பவரும் ஒரே காற்றைச் சுவாசிப்பதில்லை. கடற்காற்று அடையாற்றுக்குக் கடலிலிருந்து வருகிறது; எண்ணூரின் உட்பகுதிகளுக்கோ கடற்கரையில் நிற்கும் புகைபோக்கிகளைக் கடந்து வருகிறது. இவ்வேறுபாடே இக்கட்டுரையின் தொடக்கப்புள்ளி.

ஆய்வுப் பரப்பு

கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தைச் சுற்றி அமைந்த மீனவக் குப்பங்களும் உப்பளங்களும் கொண்ட இந்நிலம், 1960களின் பிற்பகுதியிலிருந்து தொழில் மண்டலமாக மாறத் தொடங்கியது. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் தொடங்கி 2017இல் மூடப்பட்டது. அதற்கு முன்னரே, 1990களில் வடசென்னை அனல்மின் நிலையம் உருவாகிவிட்டது. பின்னர் அதன் இரண்டாம் கட்டமும், வல்லூரில் 1500 மெகாவாட் திறனுடைய மற்றொரு நிலையமும் எழுந்தன. 2024இல் வடசென்னை நிலையத்தின் மூன்றாம் கட்டமாக 800 மெகாவாட் அலகு சேர்ந்தது. எண்ணூர்த் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம், அவற்றுக்குச் செல்லும் சரக்குப் பெட்டக லாரிகளின் இடையறாத ஓட்டம், கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கில் அவ்வப்போது மூளும் தீ ஆகியவற்றையும் இவற்றோடு சேர்த்தே எண்ணவேண்டும்.

2009இல் நடுவண் மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் நாடெங்கும் 88 தொழிற்பகுதிகளை மதிப்பிட்டு, 43 பகுதிகளைக் கடுமையாக மாசுற்றவை என்று வகைப்படுத்தியது. மணலி அவற்றுள் ஒன்று. பத்தாண்டுகள் கழித்து, 2019இல் தேசியத் தூய காற்றுத் திட்டம் தொடங்கப்பட்டபோது வெளியான 102 நகரங்களின் பட்டியலில் தமிழகத்தின் தூத்துக்குடி இருந்தது, சென்னை இல்லை. பின்னரே சென்னை சேர்க்கப்பட்டது. கடுமையாக மாசுற்ற ஒரு பகுதியைத் தன்னகத்தே கொண்ட நகரம், மாசுற்ற நகரங்களின் பட்டியலில் இடம்பெறாமல் போனது எவ்வாறு என்னும் வினாவுக்கு விடை, பின்னர் விளக்கப்படும் சராசரியின் இயல்பில் உள்ளது.

நுண்துகளும் உடலும்

காற்றிலுள்ள துகள்கள் அவற்றின் விட்டத்தைக் கொண்டு வகைப்படுத்தப்படுகின்றன. 10 மைக்ரான் அளவுக்குட்பட்டவை மூக்கின் தடுப்பைக் கடந்து மூச்சுக்குழலை அடையும். 2.5 மைக்ரானுக்குட்பட்டவை நுரையீரலின் நுண்ணறைகள் வரை செல்லும். தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 50 முதல் 70 மைக்ரான் என்பதை நினைவிற்கொண்டால் இவற்றின் நுண்மை விளங்கும். நுண்ணறையின் சுவர் மிக மெல்லியது. உயிர்வளி குருதிக்குள் நுழையும் வாயில் அதுவே. அங்கே படியும் துகள்கள் அழற்சியைத் தூண்டுகின்றன. அவ்வழற்சி நுரையீரலோடு நிற்பதில்லை. குருதிக்குழல்களின் உட்சுவரைப் பாதித்து, கொழுப்புப் படிவை விரைவுபடுத்தி, குருதி உறையும் தன்மையைக் கூட்டுகிறது. காற்று மாசினால் நிகழும் இறப்புகளில் பெரும்பங்கு மாரடைப்பும் பக்கவாதமுமாக இருப்பது இதனாலேயே. மாசு என்றவுடன் இருமலையும் இளைப்பையும் மட்டுமே நினைப்பது பாதிப்பின் சிறு பகுதியை மட்டும் காண்பதாகும்.

உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, 2013இல் வெளிக்காற்று மாசினை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என உறுதியாக வகைப்படுத்தியது. இந்தியாவில் 2019ஆம் ஆண்டில் நிகழ்ந்த இறப்புகளில் ஏறத்தாழ 16.7 லட்சம், அதாவது ஏறக்குறைய ஆறில் ஒன்று, காற்று மாசோடு தொடர்புடையவை என்று லான்செட் குழும இதழொன்றில் வெளிவந்த மதிப்பீடு கூறுகிறது. இதில் விறகடுப்புப் புகை போன்ற வீட்டு மாசும் அடங்கும்.

தமிழகத்தில் கிடைத்த சான்றுகள்

மேலைநாட்டு ஆய்வு முடிவுகளை இந்நிலத்து மக்களுக்கு அப்படியே பொருத்தலாமா என்னும் ஐயம் நெடுங்காலம் இருந்தது. உணவு, உடலமைப்பு, தொழில், வீட்டமைப்பு அனைத்தும் வேறு என்பது அவ்வையத்தின் அடிப்படை. இதனை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இன்று தமிழகத்திலேயே நிகழ்ந்த ஆய்வுகள் சில நம் கையில் உள்ளன.

முதலாவது, சென்னையில் 2002 முதல் 2004 வரையான காலத்தின் அன்றாட இறப்புகளையும் அன்றாட மாசு அளவையும் ஒப்பிட்ட ஆய்வு. போரூர் இராமச்சந்திரா மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையிலான குழு இதனை நிகழ்த்தியது. ஒரு கன மீட்டர் காற்றில் 10 மைக்ரான் துகள் 10 மைக்ரோகிராம் கூடும் ஒவ்வொரு முறையும் அன்றாட இறப்பு ஏறத்தாழ 0.4 விழுக்காடு கூடுவதாக அது கண்டது. இவ்வெண் சிறியதாகத் தோன்றும். நாளொன்றுக்கு நூறு பேர் இறக்கும் நகரமொன்றைக் கற்பனை செய்வோம். அங்கே துகள் அளவு வழக்கத்தைவிட 50 மைக்ரோகிராம் உயர்ந்த நாளில் ஏறத்தாழ இருவர் கூடுதலாக இறப்பர். அவ்விருவர் யாவர் என்பதை எந்த மருத்துவரும் சுட்டிக்காட்ட இயலாது. அவர்தம் இறப்புச் சான்றிதழில் மாரடைப்பு என்றோ மூச்சுத்திணறல் என்றோதான் எழுதப்பட்டிருக்கும். இவ்வாய்வு குறுங்கால விளைவை மட்டுமே அளந்தது என்பதும் நோக்கத்தக்கது. ஆண்டுக்கணக்கில் மாசுக்காற்றில் வாழ்வதால் விளையும் பாதிப்பு இதனினும் பெரிது என்பது நீண்டகால ஆய்வுகளின் பொதுவான முடிவு.

இரண்டாவது, அதே குழு தமிழகத்தின் நகர்ப்புறத்திலும் ஊர்ப்புறத்திலும் 1285 கருவுற்ற மகளிரைப் பேறுகாலம் வரை பின்தொடர்ந்து, அவர்தம் வீடுகளிலேயே 2.5 மைக்ரான் துகளை அளந்து நிகழ்த்திய ஆய்வு. 2018இல் வெளிவந்த இதன் முடிவு, கருவுற்ற காலத்தில் துகள் 10 மைக்ரோகிராம் கூடும்போது குழந்தையின் பிறப்பு எடை சராசரியாக 4 கிராம் குறைவதாகவும், எடை குறைந்த பிறப்புகளின் விகிதம் 2 விழுக்காடு கூடுவதாகவும் காட்டியது. நான்கு கிராம் என்பது எந்தத் தாய்க்கும் புலப்படாத வேறுபாடு. ஆனால் இரண்டரைக் கிலோ என்னும் எல்லைக்கோட்டின் அருகே பிறக்கும் குழந்தைகள் நம் நாட்டில் ஏராளம். அத்தகைய மக்கட்பரப்பில் சராசரி சிறிதே நகர்ந்தாலும் கோட்டுக்குக் கீழே விழுவோர் எண்ணிக்கை உயரும்.

மூன்றாவது சான்று எதிர்பாராத திசையிலிருந்து வருகிறது. சென்னை, டெல்லி ஆகிய இரு நகரங்களில் 12,000க்கும் மேற்பட்டோரை ஏழாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வொன்று 2023இல் வெளியானது. ஆண்டுச் சராசரி 2.5 மைக்ரான் துகள் 10 மைக்ரோகிராம் கூடுதலாக உள்ள இடத்தில் வாழ்வோர்க்கு, இரண்டாம் வகை நீரிழிவு தோன்றும் வாய்ப்பு 22 விழுக்காடு கூடுதலாக இருந்தது. சென்னையின் துகள் அளவு டெல்லியினதைவிடப் பெரிதும் குறைவு. ஆயினும் சென்னைவாசிகள் இவ்வாய்வின் பாதியாக விளங்குகின்றனர். நீரிழிவுக்குக் காற்றே காரணம் என்று இதைக்கொண்டு அறுதியிட இயலாது; உணவும் உழைப்பும் மரபும் அதில் பங்கு கொள்கின்றன. எனினும் காற்று மாசினை நெஞ்சக நோய் மருத்துவரின் பொறுப்பாக மட்டும் விட்டுவிடும் வழக்கத்தை இம்முடிவு மாற்றியமைக்க வேண்டும்.

சராசரி மறைப்பவை

இந்தியக் காற்றுத்தர அளவுகோல்கள் 2009இல் திருத்தி அமைக்கப்பட்டன. அவற்றின்படி 2.5 மைக்ரான் துகளுக்கு ஆண்டுச் சராசரி வரம்பு 40 மைக்ரோகிராம். உலக நலவாழ்வு அமைப்பு 2021இல் பரிந்துரைத்த வரம்போ 5. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள எட்டு மடங்கு வேறுபாடு அடிக்கடி பேசப்படுகிறது. அதனினும் பெரிய சிக்கல், எவ்வளவு நேரத்துக்குச் சராசரி எடுக்கிறோம் என்பதில் உள்ளது, அது பேசப்படுவதேயில்லை.

கந்தக டைஆக்சைடை எடுத்துக்கொள்வோம். நிலக்கரியை எரிக்கும்போதும் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போதும் வெளிப்படும் இவ்வளி, ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழலைச் சில நிமிடங்களிலேயே சுருங்கச் செய்யும் இயல்புடையது. இதனால் உலக நலவாழ்வு அமைப்பு இதற்கு 10 நிமிடச் சராசரியாக 500 மைக்ரோகிராம் என்னும் வரம்பை வைத்துள்ளது. இந்திய அளவுகோலில் இதற்குரிய மிகக் குறுகிய கால அளவு 24 மணி நேரம், வரம்பு 80. ஒரு தெருவில் மாலை ஒரு மணி நேரம் மட்டும் 800 மைக்ரோகிராம் நிலவி, எஞ்சிய 23 மணி நேரமும் 20 ஆக இருப்பதாகக் கொள்வோம். அந்நாளின் சராசரி ஏறத்தாழ 52. பதிவேட்டின்படி அது நல்ல நாள். அந்த ஒரு மணி நேரத்தில் மூச்சுத்திணறிய குழந்தைக்கு அது எவ்வாறு நல்ல நாளாகும்? இவ்வெண்கள் விளக்கத்திற்காகப் புனையப்பட்டவை. ஆனால் தொழிற்பகுதியின் மாசு இத்தகைய திடீர் எழுச்சிகளாகவே வரும். எரிவளியை எரித்துவிடும் நேரம், கொதிகலனைத் தொடங்கும் நேரம், காற்றின் திசை மாறும் நேரம் ஆகியவற்றைப் பொறுத்து அது கூடும், குறையும்.

நெடுங்காலமாக எண்ணூரை அடுத்த கத்திவாக்கத்திலும் திருவொற்றியூரிலும் மணலியிலும் இயங்கிய அளவீட்டு நிலையங்கள் வாரத்துக்கு இருநாள், ஆண்டுக்கு 104 நாள் என்ற முறையில் மாதிரி எடுப்பவை. தேசியத் திட்டத்தின் முதற்பட்டியல் இத்தகைய நிலையங்களின் ஆண்டுச் சராசரிகளை அடிப்படையாகக் கொண்டே உருவானது. எழுச்சி நிகழும் நாள் மாதிரி எடுக்கும் நாளாக இருப்பினும் அது 24 மணிக்கும், பின்னர் ஆண்டுக்கும், பின்னர் நகரின் பிற நிலையங்களுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டுக் கரைந்துவிடும். இன்று மணலியிலும் கொடுங்கையூரிலும் இராயபுரத்திலும் தொடர் அளவீட்டுக் கருவிகள் உள்ளன. அவை மணிக்கணக்கில் பதிவு செய்கின்றன. ஆனால் சட்டத்தின் வரம்பு இன்னும் நாட்கணக்கிலேயே நிற்கிறது.

காற்றின் திசை இங்கு தனியே கருதத்தக்கது. நாற்றிசைக் காற்றுக்கும் கொண்டல், கோடை, வாடை, தென்றல் எனத் தனிப்பெயர் வைத்த மொழி தமிழ். கடலோர மக்களுக்கு அப்பெயர்கள் தொழிலறிவு. அதே அறிவு மாசினைப் புரிந்துகொள்ளவும் தேவைப்படுகிறது. கோடைக்காலத்தில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று கரையேறும்போது, குளிர்ந்த கடற்காற்றின் மீது வெப்பமான நிலக்காற்று அமைகிறது. கரையோரப் புகைபோக்கியின் புகை முதலில் உயரத்திலேயே நிலத்தை நோக்கி நகரும். சில கிலோமீட்டர் உட்சென்றதும், வெயிலால் சூடேறிய நிலத்தின் மேல் எழும் கலக்கம் அப்புகையைத் தரைக்கு இழுத்துவிடும். ஆகவே புகைபோக்கியின் அடியில் வாழ்பவரைவிட, அதிலிருந்து சற்றே தள்ளி வாழ்பவர் சில வேளைகளில் கூடுதலாகச் சுவாசிக்க நேர்கிறது. 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள அலகுகளுக்கு 275 மீட்டர் உயரப் புகைபோக்கி என்று நெடுங்காலம் விதி இருந்தது. உயரம் மாசினை அழிப்பதில்லை, பரப்புகிறது.

இன்னொன்றும் உண்டு. கந்தக டைஆக்சைடு காற்றில் மெல்ல வேதிமாற்றம் அடைந்து அம்மோனியாவோடு சேர்ந்து அம்மோனியம் சல்பேட் எனும் நுண்துகளாகிறது. வடசென்னையில் இவ்விரு வளிகளையும் வெளியிடும் தொழில்கள் அருகருகே உள்ளன. அவ்வாறு பிறக்கும் துகள் எந்த ஆலையின் புகைபோக்கிக் கருவியிலும் பதிவாகாது. எந்த ஆலைக்கும் அது கணக்கில் வராது. சுவாசிப்பவரின் நுரையீரலில் மட்டும் அது பதிவாகும்.

அனல்மின் நிலையங்களின் கந்தக வெளியீட்டைக் கட்டுப்படுத்தும் விதிகள் 2015 டிசம்பரில் அறிவிக்கப்பட்டன. ஈராண்டில் நடைமுறைக்கு வரவேண்டிய அவை மீண்டும் மீண்டும் காலநீட்டிப்புப் பெற்றன. 2025 ஜூலை அறிவிப்பு நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்குக் கந்தக நீக்கக் கருவியிலிருந்து விலக்கே அளித்துவிட்டது. கந்தக டைஆக்சைடின் அளவு இந்திய நகரங்களில் வரம்புக்குள்ளேயே இருக்கிறது என்பது அவ்விலக்கிற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. மேலே கண்ட 52 மைக்ரோகிராம் நாளும் வரம்புக்குள்தான் இருக்கிறது.

2023 டிசம்பர்: அம்மோனியாக் கசிவு

2023 டிசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவை நெருங்கும் வேளையில், எண்ணூர் பெரியகுப்பத்தில் கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுசெல்லும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. உறக்கத்திலிருந்து எழுந்த மக்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலும் கொண்டு தெருக்களில் ஓடினர். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அதே மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்க் கசிவினால் அதே மக்கள் தம் தொழிலை இழந்திருந்தனர் என்பதும் நினையத்தக்கது.

அம்மோனியா நீரில் மிக விரைவாகக் கரைவது; எனவே ஈரமான இடங்களாகிய கண், மூக்கு, தொண்டை ஆகியவற்றையே முதலில் தாக்குகிறது. செறிவு மிகுந்தால் மூச்சுக்குழல் வீங்கும். மீண்டவர் சிலருக்கு நீண்டகால மூச்சுக்குழல் கூருணர்வு எஞ்சக்கூடும். மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் ஆலையருகே காற்றில் 2090 மைக்ரோகிராம் அம்மோனியாவைப் பதிவு செய்து, 400 என்னும் வரம்போடு அதனை ஒப்பிட்டது. அந்த 400 என்பது 24 மணி நேரச் சராசரிக்கு உரிய வரம்பு. சில மணி நேரக் கசிவினை அளப்பதற்கு நம் காற்றுத்தர அளவுகோலில் வேறோர் எண் இல்லை.

இடம் மாறிய தூசு

சென்னைத் துறைமுகத்தில் நெடுங்காலம் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாளப்பட்டன. இராயபுரத்தையும் சுற்றுப்புறங்களையும் மூடிய கரிய தூசு குறித்து வழக்குத் தொடரப்பட்டது. அவற்றைக் கையாள்வதை நிறுத்த வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது; 2011 அக்டோபர் முதல் அச்சரக்கு எண்ணூர்த் துறைமுகத்துக்கு மாறியது. இராயபுரத்து மக்களுக்கு இது நியாயமான விடுதலை. அதனைக் குறைகூற இடமில்லை. ஆனால் அத்தூசு எங்கே சென்றது என்பதையும் கேட்கவேண்டும். புதிய துறைமுகத்தில் மூடிய கடத்துபட்டைகளும் நீர்த்தெளிப்பும் ஓரளவு உதவுகின்றன. எனினும் ஏற்கெனவே சுமை தாங்கிய ஒரு பகுதியின் மேல் மேலும் ஒரு சுமை ஏற்றப்பட்டது. இந்திய நிலக்கரி சாம்பல் மிகுந்தது என்பதால், எரித்த பின்னரும் சிக்கல் தீர்வதில்லை. வடசென்னை நிலையத்தின் சாம்பல் குட்டையை ஒட்டி வாழும் செப்பாக்கம் மக்கள், காற்று வீசும் பருவத்தில் உணவுத் தட்டிலும் சாம்பலைக் காண்கின்றனர். இங்கே பேசப்படுவது கண்ணுக்குத் தெரியும் பருந்துகள்; கண்ணுக்குத் தெரியாத நுண்துகளும் அதனோடு சேர்ந்தே வரும்.

சான்றின் சுமை

இப்பகுதி மக்கள் தம் நோய்களை எடுத்துரைக்கும் போதெல்லாம் அவர்களிடம் திருப்பிக் கேட்கப்படும் வினா ஒன்று உண்டு: உமக்கு வந்த இந்நோய் இந்த ஆலையின் புகையால்தான் வந்தது என்பதற்குச் சான்று என்ன? ஒரு தனிமனிதரைப் பொறுத்தவரை இதற்கு விடை கிடையாது. புகைபிடிப்பவர் ஒருவரின் நுரையீரல் புற்றுநோய் புகையிலையால்தான் வந்தது என்று தனித்து நிறுவவும் எந்த மருத்துவராலும் இயலாது. மக்கட்பரப்பின் அளவில் மட்டுமே இவ்வினாவை அறிவியல் முறையில் கேட்கவும் விடையளிக்கவும் முடியும்.

அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு அமெரிக்காவின் யூட்டா பள்ளத்தாக்கு. அங்கிருந்த பெரிய எஃகு ஆலை 1986 ஆகஸ்டில் தொழிலாளர் பூசலால் மூடப்பட்டு, ஏறத்தாழ 13 மாதங்கள் கழித்துத் திறக்கப்பட்டது. பொருளியல் ஆய்வாளரான ஆர்டன் போப் மருத்துவமனைப் பதிவேடுகளைத் திரட்டினார். ஆலை இயங்கிய குளிர்காலங்களில் மூச்சுக்குழல் அழற்சிக்காகவும் ஆஸ்துமாவுக்காகவும் மருத்துவமனையில் சேர்ந்த குழந்தைகளின் எண்ணிக்கை, ஆலை மூடியிருந்த குளிர்காலத்தைவிட இரண்டு முதல் மூன்று மடங்கு கூடுதலாக இருந்தது. எந்தக் குழந்தையின் நோய் ஆலையால் வந்தது என்று அவர் கூறவில்லை. கூற வேண்டிய தேவையும் எழவில்லை.

எண்ணூர் நிலையம் 2017இல் மூடப்பட்டபோது இத்தகைய ஒப்பீட்டுக்கு வாய்ப்பு இருந்ததா எனில், முழுமையாக இல்லை. அதற்குள் அருகே வேறு அலகுகள் பெருகியிருந்தன. 2020இன் ஊரடங்கில் வாகனப் புகை குறைந்தது. ஆனால் மக்கள் மருத்துவமனைக்கு வருவதே குறைந்துவிட்டதால் அக்காலப் பதிவுகளைக் கொண்டு எதையும் முடிவு செய்தல் பொருந்தாது.

ஆயினும் யூட்டாவில் பயன்பட்ட கருவி மருத்துவமனைப் பதிவேடு ஒன்றே என்பதைக் கவனிக்கவேண்டும். நோயாளி வந்த நாள், நேரம், அகவை, அஞ்சல் குறியீட்டு எண், மூச்சு நோயா இதய நோயா என்னும் குறிப்பு ஆகிய ஐந்தும் போதும். எண்ணூரின் 600057, மணலியின் 600068, திருவொற்றியூரின் 600019 ஆகிய எண்களிலிருந்து ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கும் மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்பச் சுகாதார நிலையங்களுக்கும் வருவோரின் வருகைகளை, மணலித் தொடர் அளவீட்டுக் கருவியின் மணிக்கணக்குப் பதிவுகளோடும் அன்றைய காற்றின் திசையோடும் இணைத்தால், மேலே சொன்ன 52 மைக்ரோகிராம் நாட்களுள் எவை நல்ல நாட்கள், எவை அல்ல என்று பிரித்தறிய இயலும். பெயரின்றித் தொகுக்கப்படும் இப்பதிவுகளால் எவருடைய தனிமறைவும் கெடாது. புதிய ஆலைகளுக்கும் விரிவாக்கத்துக்கும் சுற்றுச்சூழல் இசைவு கோரும்போது நிறுவனங்கள் அளிக்கும் அறிக்கைகளில் காற்றின் அளவு ஒரு பருவத்துக்கே எடுக்கப்படுகிறது. ஏற்கெனவே இங்கு வாழ்வோரின் நோய்க்கணக்கையும் அவ்வறிக்கையின் கட்டாயப் பகுதியாக்குவதற்கு வேண்டுவது விதியில் ஒரு திருத்தமே.